உச்சிமாகாளி அண்ணன் முந்திய பஸ்

உச்சிமாகாளி அண்ணனைப் போல அரசு வேலைக்குப் பரீட்சை எழுதினவர் எங்கள் சங்கரன்கோவிலில் கிடையாது, எழுதிக் கோட்டைவிட்டவரும் கிடையாது. ஆனால் வேகம், நேரம், தூரம் என்று கணக்கு வந்துவிட்டால் தன்னை வெல்ல ஆளே இல்லை என்பார். வயது வரம்புப்படி அவருக்கு இதுதான் கடைசிப் பரீட்சை.

அன்று காலை அதே பரீட்சை எழுத நானும் பேச்சித்தாயும் அவரோடு திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்றோம். பரீட்சை நடக்கும் பள்ளி, நெல்லைக்குள் நுழைவதற்கு முன்பே ரோட்டோரம் இருக்கிறது. ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஊர் ஊராக நின்று போகும் பஸ் வந்தது, ஏறப் போனோம். அண்ணன் கையை நீட்டி மறித்தார். பின்னால் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் வருகிறதாம், மானூர் தாண்டி இதை முந்திவிடுமாம், மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாராம். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற கிறுக்கு இது. பஸ்ஸைப் பார்த்தால் ஏறத் தோன்றாது, விடை கண்டுபிடிக்கத்தான் தோன்றும். நாங்களும் தலையாட்டினோம்.

அடுத்த பஸ் வரும்வரை அண்ணன் வாய் சும்மா இருக்குமா?

“பயிற்சி மையத்துல நான் கேள்வித்தாள் கட்டப் பிரிக்கவே மாட்டேன், கேட்டியளா. மேல கைய வைப்பேன். உள்ள எத்தன ரயில் ஓடுதுன்னு அதிர்வுலயே சொல்லிருவேன்.”

அப்படியென்றால் போன தடவை கணக்கில் ஏன் முட்டை என்று பேச்சித்தாய் கேட்டாள். விடை எல்லாம் சரியாம். போட்ட வேகம் தாங்காமல் மை பறந்து பக்கத்துப் பையன் தாளில் ஒட்டிக்கொண்டதாம். அவன் இப்போது வி.ஏ.ஓ.வாம்.

அடுத்த கதையில் தாமிரபரணிக்குப் போனார். கரையில் உட்கார்ந்து ஒரு படகுக் கணக்குப் போட்டாராம். விடை வந்த வேகத்தில் படகு கிளம்புமுன்பே அக்கரை சேர்ந்துவிட்டது. படகுக்காரர் இக்கரையில் நின்றுகொண்டு, அக்கரையில் நிற்கிற தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

“அதுகூடப் பரவால்ல. ஒருநா ரெண்டு ரயில் கணக்குல கழித்தல் குறிய மாத்திப் போட்டுட்டேன். மதுரைக்குப் போன ரயிலு ராஜபாளையத்துல நின்னு பின்னால ஓட ஆரம்பிச்சிட்டு. காலமும் சேர்ந்து பின்னால போயிட்டு. எறங்கின ஆளுவளுக்கெல்லாம் வயசு கொறஞ்சு போச்சு. கல்யாணமான ஒருத்தன் வீட்டுக்குப் போனா, பொண்டாட்டி ‘நீங்க யாரு’ங்கா.”

“அதுல நீங்க ஏன் ஏறலண்ணே?”

“கணக்குப் போடுதவன் ரயில்ல ஏறப்பிடாது தாயி.”

பாயிண்ட் டு பாயிண்ட் வந்தது. ஏறி நெல்லைக்கு டிக்கெட் எடுத்தோம். சும்மா சொல்லக்கூடாது, மானூர் தாண்டியதும் முதல் பஸ்ஸை முந்தியேவிட்டோம். அண்ணன் எழுந்து நின்று பஸ் முழுக்கப் பார்த்துக் கும்பிட்டார். அவர் விட்ட ரயில்களையெல்லாம் அந்த நிமிஷம் நான் நம்பினேன்.

பிறகு பள்ளிக்கூட கேட் ஜன்னலுக்கு வெளியே வந்தது. வந்த வேகத்திலேயே பின்னால் போனது. நாங்கள் கத்தினோம்.

கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது பாயிண்ட் டு பாயிண்ட். பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கும்.”

ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். நாங்கள் முந்தின பஸ்ஸில் வந்தவர்கள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். பேச்சித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் மட்டும் அசரவில்லை.

“யாரு லேட்டுன்னு சொன்னா? அடுத்த பரீட்சைக்கு இந்த ஒலகத்துலயே முதல் ஆளா வந்து நிக்கது நாமதான்.”

“நாங்க நிக்கோம்ணே” என்றாள் பேச்சித்தாய். “ஒங்களுக்குத்தான் வயசு முடிஞ்சிட்டே.”