காற்றாலைக்கு அடியில் போட்ட இலை

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னதாகக் காற்றாலை ஒன்றை நட்டார் காண்டிராக்டர் பொன்னுலிங்கம். கம்பம் சாயாமல் நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பிகளை அவருடைய ஆட்களே கட்டினார்கள். தோட்டத்துக் காவல்காரன் மாசானத்துக்கு மட்டும் சந்தேகம். கட்டி முடித்த மனுஷன் கம்பத்துக்குக் கிட்டே வராமல் தூரத்து வேப்பமரத்தடியிலேயே ஏன் நிற்கிறார்?

"ஏலே மாசானம், மேல ஏறி, இறக்கை சுத்தாம இருக்கக் கட்டியிருக்க கயித்த அவுத்து விடு. பயமா இருந்தா இன்னையோட வேலைய விட்டுட்டுப் போ" என்றார் காண்டிராக்டர். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பூதலிங்கம் அண்ணாச்சியும் தலையாட்டினார்.

"ஏறுதேன் ஐயா. ஆனா பூசை வச்ச பொங்கல, வேலைய முடிச்சவருதான மொதல்ல சாப்பிடணும்?" மாசானம் கம்பத்தடியில் இலை போட்டுப் பொங்கலை வைத்தான். "நீங்க இங்க உக்காந்து சாப்பிடுங்க. எந்திரிக்கதுக்குள்ள அவுத்துட்டு எறங்கிருவேன்."

கணவாய்க் காற்று ஊளையிட்டது. காண்டிராக்டர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னைக்கு எனக்கு விரதம்லே."

"மீசையில வடைத்தூளு ஒட்டியிருக்கே ஐயா!"

அண்ணாச்சி மீசையைப் பார்த்தார், கம்பத்தையும் பார்த்தார். "வே காண்டிராக்டரே, கம்பி அத்தனையையும் திரும்ப இறுக்கும். பெறகு இதே இடத்துல உமக்கு இலை போடுதேன். நீரு சாப்பிட்டு முடிச்சாத்தான் அவன் ஏறுவான்."

காண்டிராக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு, ஆட்களை நம்பாமல் தானே கம்பியை முறுக்கத் தொடங்கினார்.

பொங்கல் வீணாகக் கூடாதே என்று, மாசானம் இலையைத் தூக்கிக்கொண்டு அந்த வேப்பமரத்தடிக்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டான்.