வலையோடு ஓர் உலா

ஹவாய்த் தீவு ஒன்றில் நோஹெயா என்றொரு மீனவப் பெண் இருந்தாள். அவளிடம் பாடம் கேட்க வந்த கவிகா அவளைவிட இருபது வயது மூத்தவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். முன்னோர் பேசிய மொழி அவருக்கு வாய்க்கவில்லை. அந்த ஏக்கத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆசிரியரை அங்கே 'குமு' என்பார்கள். மரத்தின் அடித்தண்டுக்கும் அதே பெயர்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்று மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் விடிகாலையில் இருவரும் வலையோடு கிளம்பினார்கள். மறுநாள் கவிகாவின் பேத்திக்கு முதல் பிறந்தநாள். அங்கே அது கல்யாணத்துக்குக் குறையாத விருந்து. "மீன் என் பொறுப்பு" என்று மகளிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தார்.

கரையில் படகு கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பெகெலோ கேட்டான்: "எங்கே கிளம்பிட்டீங்க?"

"ஹோலோஹோலோ" என்றாள் நோஹெயா.

கவிகாவுக்குப் பொறுக்கவில்லை. நோட்டைப் புரட்டினார்.

"குமு, அது தப்பாச்சே! ஹோலோன்னா ஓடுறது, போறது. ரெண்டு தடவை சொன்னா சும்மா உலாத்துறது. நாம மீன் பிடிக்கத்தானே போறோம்!"

வகுப்பறையில் பழகிய தொண்டை, சொல்லவா வேணும்? கரை முழுக்கக் கேட்டது.

பெகெலோ நாக்கைக் கடித்துக்கொண்டான். நோஹெயா வலையைச் சுருட்டி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"என்ன ஆச்சு குமு?"

"இன்னிக்குக் கடல் வேண்டாம். மீன் காதுல விழுந்தாச்சு."

"ஐயையோ, நாளைக்கு விருந்து!"

"கோழி வாங்கிக்கோங்க."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மகள் முகத்தில் எப்படி விழிப்பது? பின்னாலேயே ஓடினார்.

"மீன் பிடிக்கப் போறதை வாய்விட்டுச் சொல்லக் கூடாதுன்னு வழக்கம் இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"தினமும் சொன்னோமே. வலையோட போன ஒவ்வொருத்தரும் உங்களைத் தாண்டித்தானே 'ஹோலோஹோலோ'ன்னு சொல்லிட்டுப் போனாங்க?"

அவர் நோட்டைப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது: 'ஹோலோஹோலோ, உலாவுதல்.' வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆராய்ச்சிக் குணம் லேசில் விடுமா?

"சரி குமு, மீனுக்கு நிஜமாவே காது கேட்குமா?" பென்சிலை எடுத்துவிட்டார்.

"மீனுக்குக் காது இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது, வாத்தியாரே. உங்களுக்கு இருக்கான்னுதான் மூணு மாசமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்."