பெயரை நீக்கித் தரவும்

எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஆசீர் ஐயருக்கு வயது முப்பத்தெட்டு. வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டுக்கு வேதபாடம் கேட்க வரும் வேதமாணிக்கம் சாருக்கு அறுபத்தாறு.

மிஷன் பள்ளியில் ஐயருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, காதையும் திருகியவர் இந்த சார்தான். இப்போது அவர் நோட்டும் பேனாவுமாக முன்னால் உட்காருகிறார். சாருக்கு இவர் ‘ஐயா’, ஐயருக்கு அவர் ‘சார்’. யார் குரு என்று கேட்டால் இரண்டு பேருமே சிரிப்பார்கள்.

அந்த வியாழக்கிழமை சார் நோட்டு கொண்டுவரவில்லை. ஒரு கடிதத்தை நீட்டினார்.

“என்ன சார், லீவு லெட்டரா?”

“படிங்க ஐயா.”

சபை அங்கத்தினர் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கித் தரும்படி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஓர் ஒற்றுப்பிழை கிடையாது. எவ்வளவு கோபம் வந்தாலும் சார் சார்தான்.

காரணம் ஊருக்கே தெரியும். ஐந்து வாரத்துக்கு முன்னால் சபைக் கமிட்டித் தேர்தல் நடந்தது. கை தூக்கி ஓட்டுப் போடுகிற வழக்கம். செயலர் பதவிக்கு சார் நின்றார். அவருடைய கூடப்பிறந்த தம்பி கோயில்பிள்ளை எதிராளிக்குக் கை தூக்கிவிட்டார். மூன்று ஓட்டில் தோற்றுப்போன சார், அதன் பிறகு ஆராதனைக்குக் கோயில் வாசல் மிதிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை என்ன செய்யிதீங்க?”

“டி.வி.யில ஆராதனை பாக்கேன். பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு.”

“என் பிரசங்கத்த விடவா?”

சார் கொஞ்சம் யோசித்தார். “நீளம் கம்மி ஐயா.”

ஐயர் வாய்விட்டுச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

“ஒண்ணு கேக்கேன், ஒளிக்காம சொல்லணும். பட்டியல்ல பேரு இல்லன்னா என் இரட்சிப்பு போயிருமா?”

“போகாது.”

வாதாடுவதற்கென்று ஒரு மணி நேரத்துக்குப் பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்த மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“போகாதா?”

“போகாது சார். அது நான் எழுதிக் கொடுத்தது இல்ல. நான் அடிச்சா போறதும் இல்ல.”

மனைவியை நினைத்ததும் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. “சுகந்தி போயி மூணு வருஷமாச்சு. பரலோகத்துல போயி அவளப் பாக்கணும் ஐயா. இந்தக் கோவத்துல அதைக் கெடுத்துக்கிட்டேனோன்னு ஒரே பயம்.”

இந்த ஒரு பயத்தை வைத்துக்கொண்டு ஐந்து வாரம் தனியாகக் கிடந்திருக்கிறார். கேட்டதிலிருந்து எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது.

ஐயர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தார்.

“எனக்கும் ஒரு சந்தேகம் சார். டி.வி.யில சமாதானம் கொடுக்கச் சொல்லும்போது நீங்க என்ன செய்வீங்க?”

எங்கள் ஆராதனையில் அப்படி ஒரு நேரம் உண்டு. ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் இருப்பவருடைய கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடிப்பார். அவர் அடுத்தவர் கையைப் பிடிப்பார். அப்படியே கைக்குக் கை கடைசி வரிசை வரைக்கும் போகும்.

“அந்த நேரம் காப்பி போடப் போயிருவேன்.”

“இந்த வாரம் காப்பி வேண்டாம். சமாதானம் கொடுங்க. எப்படிக் கொடுப்பீங்கன்னு காட்டுங்க பாப்போம்.”

சார் ஒரு கையை நீட்டினார். மற்றொரு கையால் அதைப் பிடித்துப் பார்த்தார். மாற்றிப் பிடித்தார். இரண்டையும் சேர்த்தார்.

“கும்பிடுத மாதிரில்லா வருது.”

“ஆமா. கோயில்ல ஒங்களுக்கு யாரு கையிலருந்து வரும்?”

சாருடைய இடம் சுவரோரம், வரிசையின் கடைசி. பக்கத்தில் ஒரே ஒருவர்தான். முப்பது வருஷமாக அதே ஆள்.

“அவன் கையிலருந்துதான்,” என்றார் சார். “அந்தக் கையத்தான் ஐயா எனக்கு எதிரா தூக்குனான்.”

ஐயர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க கல்யாணத்தப்ப கோயில்பிள்ளை அண்ணனுக்கு என்ன வயசு சார்?”

“பத்து. தாயில்லாப் பிள்ள. சுகந்திதான் தல சீவிவிட்டு பள்ளிக்கூடம் அனுப்புவா. காச்சல் வந்தா ராத்திரியெல்லாம் மடியில போட்டுக்கிடுவா. எனக்குச் சோறு வைக்க மறந்தாலும் மறப்பா, அவனுக்கு மறக்க மாட்டா.”

ஐயர் கடிதத்தை மடித்து அவர் கையில் வைத்தார்.

“அங்க போவீங்க சார். அதுல ஒங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். சுகந்தி அம்மா ஒங்களப் பாத்ததும் ஓடி வருவாங்க. வந்ததும், ‘தம்பி எப்படி இருக்கான்?’னுதான் மொதல்ல கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?”