ரைட், விடுண்ணே

“சொல்லவே கூடாதுன்னு நான் சொல்லலண்ணே. ஒரு ஆளுதான் சொல்லணும்னு சொன்னேன். ரெண்டும் வேற.”

பேசிக்கிட்டே பீர்முகமது மரக்கட்டையை லாரியோட முன் டயருக்கு அடியில வச்சு, குதிகாலால உதைச்சு இறுக்கினான்.

அருமைநாயகம் அடுத்த கட்டையை நீட்டினாரு. அவருக்கு அம்பத்தெட்டு தாண்டியாச்சு. குரு பீர்முகமதுக்கு நாப்பதுகூட ஆகல. ஆயுசுல பாதியை அரசு பஸ் ஓட்டியே கழிச்சவரு. ஓய்வு வாங்கி வீட்டுல உட்கார்ந்தா வீட்டம்மா வெண்டைக்காய் நறுக்கச் சொல்லுதுன்னு, நின்னுபோன லாரிகளை இழுக்கிற பீர்முகமதுகிட்ட தொழில் கத்துக்க வந்துட்டாரு. குரு அவரை அண்ணேம்பான். சிஷ்யர் அவனை மேஸ்திரிம்பாரு. ரெண்டு பேருக்கும் அதுல சங்கடம் இல்ல.

“அப்படி என்னய்யா வார்த்தை அது, பேயோட பேரா?” லாரி கேபினுக்குள்ள இருந்து டிரைவர் பலவேசம் தலையை நீட்டினான்.

“‘விடு’ங்கிற வார்த்தைதான். டீயில ஈ விழுந்தாலும் ‘விடு’ம்போம், மச்சான் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் ‘விடு’ம்போம். இங்க அதைச் சொன்னா பிரேக்கைத்தான் விடுவாங்க. அதனால வேலை முடியற வரைக்கும் ஈ விழுந்தாலும் ‘போகட்டும்’தான்.”

“சரி வி...” பலவேசம் வாயைப் பொத்திக்கிட்டான். “போகட்டும்.”

மலை இறக்கம். கொண்டை ஊசி வளைவு. லாரி நிறைய சிமெண்டு மூட்டை. என்ஜின் செத்து, பிரேக்குக்குப் போற காத்து இறங்கி, அதனாலயே பிரேக் இறுகி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிக்குது. இவங்க இழுவை வண்டி அதுக்கு முன்னால, கீழே. நடுவுல ஒரு ஆள் நிக்கிற இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ள மேகம் வந்து குந்திக்கிச்சு. சாயங்காலம்கூட ஆகல. ஆனா கையை நீட்டினா விரல் நுனி தெரியல.

“மேஸ்திரி, ஒண்ணு புரியல,” அருமைநாயகம் சொன்னாரு. “காத்து போனா மனுஷன் கை தளர்ந்துருது. லாரி மட்டும் ஏன் இறுக்கிப் பிடிக்குது?”

“அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான். செத்ததுக்கு அப்புறமும் யாரையும் இடிக்கக் கூடாதுன்னு.”

“எப்ப விடணும்?”

“அதோட பாரத்தை இன்னொண்ணு வாங்கினப்புறம்.”

இழுவை வண்டியில இருந்து ஒரு ரப்பர் குழாய், ஓஸ், லாரிக்குப் போகுது. வால்வைத் திறந்தா அது வழியா காத்து ஏறும், பிரேக் தளரும். தான் சொன்னாத்தான் திறக்கணும்னு அருமைநாயகத்தை வால்வுகிட்ட நிறுத்திட்டு, பீர்முகமது இழுவைக் கம்பியை, ரெண்டு வண்டியையும் பிணைக்கிற இரும்புத் தடியை, தூக்கிக்கிட்டு ரெண்டு வண்டிக்கும் நடுவுல போனான். மேகம் அவனை மூடிக்கிச்சு.

இந்த வளைவு அருமைநாயகத்துக்குப் பழக்கம். எத்தனை ஆயிரம் தடவை பஸ்ஸைத் திருப்பியிருப்பாரோ. பின்னால சவரிமுத்து நிப்பான், கண்டக்டர். படிக்கட்டுல யாரும் தொங்கலைன்னு பார்த்துட்டு, ஒரு ரூபாய்க் காசால கம்பியில ரெண்டு தட்டு தட்டுவான். அப்புறம் குரல் கொடுப்பான். அருமைநாயகம் திரும்பிப் பார்த்ததே இல்ல. குரல் வந்தா பிரேக்ல இருந்து காலை எடுப்பாரு. போன ஆடியில சவரிமுத்து தூக்கத்துலயே போய்ட்டான்.

எங்கயோ தண்ணி சொட்டிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.

டக். டக்.

கம்பியில காசு தட்டுற சத்தம். அவருக்குப் பின்னால இருந்து, நிதானமா:

“ரைட். விடுண்ணே.”

அவர் கை தானா வால்வைத் திருகிருச்சு.

ஸ்ஸ்ஸ்னு காத்து ஏறுச்சு. லாரிக்கு அடியில பெருமூச்சு மாதிரி ஒண்ணு கிளம்புச்சு. கட்டை ரெண்டும் ஈர ரோட்டுல கிறீச்சுன்னு நகர்ந்துச்சு. இரும்பு எதுலயோ போய் இடிச்சுது.

அருமைநாயகம் வால்வை அடைச்சாரு. ஓஸைப் பிடுங்கினாரு. ஏறின காத்து புஸ்ஸுனு வெளிய வந்துச்சு, பிரேக் மறுபடி இறுகுச்சு.

“மேஸ்திரி?”

அவர் குனிஞ்சு மேகத்துக்குள்ள கையை நீட்டித் துழாவினாரு.

“மேஸ்திரி!”

மேகத்துக்குள்ள இருந்து பீர்முகமது பக்கவாட்டுல மெதுவா வெளிய வந்தான். வாயில, பல்லுக்கு நடுவுல, கம்பியைப் பூட்டுற இரும்பு ஊசி, விரல் தடிமன்ல. சட்டையில நெஞ்சுக்குக் குறுக்கே லாரி பம்பரோட சேறு, பட்டையா. தண்ணி பாட்டிலை எடுத்தான். மூடி திறக்க வரல. ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணினான்.

“நீங்க சொல்லலையா?” பிடுங்கின ஓஸ் கையிலயே இருக்க, அருமைநாயகம் கேட்டாரு.

பீர்முகமது ஊசியை வாயில இருந்து எடுத்துக் காட்டினான். “இதைக் கடிச்சுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா பாருங்க.”

“நான் கண்ணாடியை ஏத்திட்டு உட்கார்ந்திருக்கேன்,” பலவேசம் கதவைத் திறந்து கத்தினான். “நான் ‘போகட்டும்’கூட சொல்லல!”

பீர்முகமது தண்ணி குடிச்சான். “யாரு குரல்ணே அது?”

“சவரிமுத்து.”

“உங்க கண்டக்டரா? போன வருஷம் தவறினவரு?”

“ஆமா.”

“எப்படி, நல்ல கண்டக்டரா?”

“அவன் சொல்லி எடுத்து ஒரு நாளும் தப்பானதில்ல மேஸ்திரி. ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்ல.”

“பஸ்ல படிக்கட்டைப் பார்த்துட்டுச் சொன்னாரு. இங்க எதைப் பார்த்துட்டுச் சொன்னாரு?”

அருமைநாயகம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. “நான் இதோட நின்னுக்கறேன் மேஸ்திரி. வெண்டைக்காயே நறுக்கறேன். உங்க வீட்டுக்கு நான் என்னன்னு போய்ச் சொல்லியிருப்பேன்?”ன்னாரு.

பீர்முகமது கட்டையை மறுபடி உதைச்சு இறுக்கினான், பக்கத்துல ஒரு பாறாங்கல்லையும் உருட்டி வச்சான், பிடுங்கின ஓஸை மறுபடி மாட்டினான். ஊசியைச் சட்டையில துடைச்சு அருமைநாயகம் கையில கொடுத்தான்.

“நீங்க போய் மாட்டுங்க. நான் வால்வுல நிக்கறேன்.”

அருமைநாயகம் அவன் முகத்தைப் பார்த்தாரு. விளையாட்டு இல்ல. போனாரு.

உள்ள நின்னப்பதான் தெரிஞ்சுது. முதுகுல இழுவை வண்டி, மூக்குக்கு நேரா பம்பர். அதுக்குப் பின்னால எத்தனை மூட்டை சிமெண்டு. கம்பியைத் தூக்கி ஓட்டைக்கு நேரா வச்சாரு. கை வழுக்குச்சு. மறுபடி வச்சாரு.

டக். டக்.

கம்பி கையில அப்படியே நின்னுச்சு.

“ரைட். விடுண்ணே.”

ரொம்பப் பக்கத்துல. பம்பருக்கு அந்தாண்ட. வெத்திலை வாசனைகூட வந்துச்சு.

“இருடா,” அருமைநாயகம் சொன்னாரு. “இன்னும் பார்க்கல.”

காத்து ஏறுற சத்தம் எதுவும் வரல. தண்ணி மறுபடி சொட்ட ஆரம்பிச்சுது. அவர் கம்பியைப் பொருத்தி, ஊசியை மாட்டி, ஆட்டிப் பார்த்துட்டு வெளிய வந்தாரு.

அப்புறம் கம்பி கழண்டாலும் லாரியைத் தாங்க காப்புச் சங்கிலி போட்டாங்க. லாரியோட என்ஜினையும் சக்கரத்தையும் இணைக்கிற ஷாஃப்ட்டைக் கழட்டினாங்க. இழுவை வண்டியை ஒரு சாண் பின்னால எடுத்து, கம்பியில ஆட்டமில்லாம ஆக்கினாங்க. பீர்முகமது மறுபடி வால்வுல கை வச்சான்.

“இன்னிக்கு நீங்க சொல்லுங்க.”

அருமைநாயகம் குனிஞ்சு ரெண்டு வண்டிக்கும் நடுவுல பார்த்தாரு. அந்தப் பக்கம் சுத்திப் போய்ப் பார்த்தாரு. வண்டிக்கு அடியில பார்த்தாரு. பலவேசத்தோட கை ஸ்டீரிங்ல இருக்கான்னு பார்த்தாரு. பலவேசம் கொட்டாவியை அடக்கிக்கிட்டு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

“ஸ்டீரிங்கைப் பிடிப்பா.”

பிடிச்சான்.

“விடுங்க மேஸ்திரி.”

காத்து ஏறுச்சு. லாரி பெருமூச்சு விட்டு, பாரத்தைக் கம்பி மேல சாய்ச்சு, அங்கயே நின்னுச்சு.

அருமைநாயகம் வேட்டியை உதறிக் கட்டிக்கிட்டு வால்வுகிட்ட வந்தாரு.

“மேஸ்திரி, உள்ள நின்னப்ப நான் ஒண்ணு சொன்னேன். கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அதுக்கு முன்னால ஒருத்தன் சொன்னானே. அது?”

பீர்முகமது கையைத் துணியில துடைச்சான்.

“ரெண்டு தடவையும் கேட்டுச்சுண்ணே. முதல் தடவை நீங்க ‘இருடா’ன்னு பதில் சொல்லல.”

“அண்ணே!” கேபின்ல இருந்து பலவேசம் கூப்பிட்டான். “கட்டை அப்படியே இருக்கு! யாரு எடுப்பா?”

அருமைநாயகம் கட்டையை எடுக்கப் போனாரு.