வேர்க்கிளம்பிக்கு அடுத்த ஊர்

வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவன் பாட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே உட்காருவான். இருபது வருஷமாக நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள், எந்த இடத்தில் திணறுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எங்கள் செட்டுக்கு ஆசான் சுடலைவடிவு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வயது நாற்பத்து மூன்று. சீடர் தாணுலிங்கம் அண்ணாச்சி. கன்னியாகுமரி மாவட்டம், வயது அறுபத்தொன்று. நான் மாற்றிச் சொல்லவில்லை. சீடருக்குத்தான் வயது கூட.

"பொம்பளையப் போயி ஆசானேன்னு கூப்பிடுகீங்களே அண்ணாச்சி" என்று ஒருமுறை கேட்டேன்.

"வண்டிய யார் ஓட்டினாலும் டிரைவர்தானவே" என்றார்.

அவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். பேச்சிப்பாறை – நாகர்கோவில் ரூட். ரிட்டயர் ஆன மறுவாரமே ஆசான் வீட்டு வாசலில் வந்து நின்றார். சின்ன வயதிலிருந்து ஆசையாம். மகன் திட்டினான், மருமகள் சிரித்தாள். மனுஷன் அசையவில்லை. மூன்று வருஷம் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆமா போட்டார்.

ஆமா போடுவது என்றால் சும்மா தலையாட்டுவது இல்லை. முன்னால் இருக்கிறவர் "மலையை விட்டு இறங்கினாளே" என்பார். பின்னால் இருக்கிறவர்கள் "ஆமா" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆமா விழுந்தால்தான் அடுத்த வரி கிளம்பும். விழவில்லை என்றால் பாட்டுக்காரர் பாடு திண்டாட்டம்.

அந்தப் பங்குனியில் கைதவிளையில் கொடைத் திருவிழா. மலையிறங்கி அம்மன் கோயில். அண்ணாச்சியின் சொந்த ஊர் அது.

"அங்கே வீசுகோலை நீங்க பிடிங்க" என்றார் ஆசான். வில்லின் நாணில் அடிக்கிற கோல் அது. அதைப் பிடிக்கிறவர்தான் முன்பாட்டு. "நான் பின்னால இருந்து சிங்கித் தாளம் போடுதேன்."

அண்ணாச்சி அப்போதே கோலை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அம்மன் கதை பெரிய கதை இல்லை. மலைக்காட்டில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, கைக்குழந்தையோடு மழையில் இறங்கி வருகிறாள். ஊர் ஊராகக் கதவைத் தட்டி, இடம் இருக்கா என்று கேட்கிறாள். எல்லா ஊரிலும் இல்லை என்கிறார்கள். கடைசியில் கைதவிளையில் ஒரு வீட்டில் இடம் கொடுக்கிறார்கள். அங்கேயே தெய்வமாகிறாள். அவள் ஊருக்குள் நுழைகிற இடத்தைப் பாடும்போது கோமரத்தாடி மேல் அருள் வர வேண்டும். கோமரத்தாடி என்றால் சாமியாடுகிறவர். அந்த ஊரில் ராசமணி. அருள் வந்தால் அவர் கையால் திருநீறு கொடுப்பார், கேட்டதற்கு வாக்குச் சொல்வார். வராவிட்டால் குறைக்கொடை. அம்மை நம்மை ஏற்கவில்லை என்று ஊரே சாப்பிடாமல் வீட்டுக்குப் போகும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானக் கொடைக்கு அண்ணாச்சி உட்கார்ந்தார்.

பாடினார் பாருங்கள், நான் அசந்துபோனேன். அப்படியே ஆசான் குரல். அந்த இழுப்பு, அந்தக் கமறல், எல்லாம். ஆசான் மேலே எடுக்கும் முன்னால் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொள்வார். அண்ணாச்சி அதே இடத்தில் தோள் துண்டை இழுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன்.

"கண்ண மூடிக் கேட்டா அந்த அம்மாதான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். மற்றவர்கள் ஆமா போடுகிறார்கள். ஆசான் சிங்கியை மட்டும் தட்டுகிறார். வாய் திறக்கவே இல்லை.

அண்ணாச்சியும் கவனித்துவிட்டார். குரலை இன்னும் ஆசான் மாதிரி ஆக்கினார். பிரயோஜனம் இல்லை.

அம்மை ஊர் ஊராக வந்தாள். கைதவிளைக்குள் நுழைந்தாள். ராசமணி கைகட்டி நின்றார். ஒரு மயிர்க்கூச்சம்கூட இல்லை. கொட்டாவியை மென்று விழுங்கினதை நான் பார்த்தேன். அண்ணாச்சி அந்த இடத்தை மூன்று தடவை பாடினார். ஒன்றும் நடக்கவில்லை. திருநீறு வாங்கப் பிள்ளையோடு வந்திருந்த பெண்கள் எழுந்து போனார்கள்.

ஊர்த்தலைவர் வந்தார். மரியாதையான மனுஷன், குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்கு ஒரு கொடை இருக்கு. நாளைக்கும் அம்மை வரல்லன்னா அடுத்த வருசம் வேற செட்டைப் பாத்துக்கிடுகோம். ஒண்ணும் நினைக்காதீங்க."

அவர் போனபிறகு அண்ணாச்சி ஆசானிடம் வந்தார். முகம் செத்திருந்தது.

"வேற செட்டு வந்தா நீங்க வேற ஊருக்குப் போவீங்க. நான் இந்த ஊர்லதான் குடியிருக்கணும் ஆசானே. அம்மை வராம அடிச்சவன்னு எனக்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சொல்லுவானுவ."

ஆசான் சிங்கியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் எங்க தப்பினேன்?"

"தப்பவே இல்லையே."

"பொறவு ஏன் நீங்க ஆமா போடல்ல?"

"நான் சொன்னதுக்கு நானே எப்படி அண்ணாச்சி ஆமா போட?"

பதில் வந்ததா வரவில்லையா என்று அண்ணாச்சிக்கே தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

"காலைல முத வண்டிக்கு வந்துருங்க" என்றார் ஆசான். "எனக்குக் குலசேகரத்துல ஒரு சோலி இருக்கு. செல்லக்கண்ணு, நீயும் வா."

கொடை நாளில், வெறும் வயிற்றில், என்னை எதற்கு இழுக்க வேண்டும்? கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது.

போகிற வழி முழுக்க ஆசான் ஜன்னலில் சாய்ந்து தூங்கினார். குலசேகரத்தில் இறங்கினோம். மூன்று பேரும் டீ குடித்தோம். எதிரே நாகர்கோவிலுக்குத் திரும்புகிற வண்டி வந்தது, அண்ணாச்சியின் பழைய ரூட்.

"ஏறுங்க" என்றார் ஆசான்.

"சோலி?" என்றேன்.

"டீ நல்லாருந்துது" என்றார்.

வண்டியில் நல்ல கூட்டம். புதுக் கண்டக்டர். ஊர்ப் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லி, விசிலை ஊதிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன் சீட்டில் ஒரு பாட்டி, காலடியில் மரச்சீனிக்கிழங்குக் கூடை. வேர்க்கிளம்பிக்கு டிக்கெட் வாங்கினதும் தூங்கிவிட்டாள். தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம், வாயைத் திறந்துகொண்டு.

வேர்க்கிளம்பியில் வண்டி நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கண்டக்டர் என்னவோ முனகிவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"வேர்க்கிளம்பி! வேர்க்கிளம்பீ எறங்கு! தாயி, மரச்சீனிக் கூடை, எறங்கு எறங்கு!"

என் காது கிண்ணென்றது. பாட்டி திடுக்கிடக்கூட இல்லை. கண்ணைத் திறந்தாள், கூடையை எடுத்தாள், இறங்கிப் போய்விட்டாள்.

டிரைவர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்: "தாணு அண்ணாச்சி! எப்ப ஏறினீரு?"

அண்ணாச்சி வெட்கத்தோடு உட்கார்ந்தார். "பழக்கதோஷம் ஆசானே."

"அந்தப் பாட்டி எப்படி முழிச்சா?" என்று கேட்டார் ஆசான்.

"முழிப்பாங்க. முப்பது வருசத்துல எனக்க வண்டில ஒருத்தரும் தூங்கி ஸ்டாப்ப விட்டது இல்ல." அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது.

ஆசான் மறுபடி ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி அழகியமண்டபத்தைத் தாண்டியது. அண்ணாச்சி அந்த ஊர்ப் பலகையைத் தலை திருப்பிப் பார்த்தார். பிறகு தக்கலை வந்தது. அதையும் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆசான் பாட்டில் திருவட்டாறு முடிந்ததும் தக்கலை வரும், தக்கலைக்குப் பிறகு அழகியமண்டபம். வேர்க்கிளம்பி கிடையவே கிடையாது. ஆசான் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. யாரோ பாடக் கேட்டுப் பாடம் பண்ணியது.

"அண்ணாச்சி, பாட்டுல வழி மாறிக் கெடக்கே. மூணு வருசமா உங்களுக்குத் தெரியாதா?" என்று காதில் கேட்டேன்.

"வாய மூடும்" என்றார். "ஆசான் படிச்ச பாட்டு."

ஆசான் தூங்கினாரா, தூங்குகிற மாதிரி இருந்தாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

புதன்கிழமை உச்சிக்கு மறுபடி உட்கார்ந்தோம். நேற்றைவிடக் கூட்டம் அதிகம். அம்மை வருவாளா மாட்டாளா என்று பார்க்க வந்த கூட்டம். நேற்று எழுந்து போன பெண்களும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.

அண்ணாச்சி தொடங்கினார். அதே ஆசான் குரல். துண்டை இழுத்துவிட்டார். போச்சு, இன்றைக்கும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"குலசேகரம் வந்தாளே."

"ஆமா" என்றோம்.

"கும்பிட்டு நின்னாளே."

"ஆமா."

"திருவட்டாறு வந்தாளே."

"ஆமா."

அடுத்து தக்கலை. அண்ணாச்சி வாயைத் திறந்தார். தக்கலை வரவில்லை. வீசுகோல் மேலே தூக்கியபடி நின்றது. நான் குடத்தை விடாமல் தட்டினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஊர்த்தலைவர் எட்டிப் பார்த்தார். பின்னால் ஆசானின் சிங்கி நின்றுவிட்டது.

"வேர்க்கிளம்பி!" என்றார் அண்ணாச்சி.

ராகம் இல்லை, இழுப்பு இல்லை. பஸ்ஸில் கேட்ட அதே சத்தம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எங்கள் செட்டில் ஒருத்தருக்கும் ஆமா போடத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"வேர்க்கிளம்பில கதவத் தட்டினா. இடுப்புல பிள்ளை. எடம் இருக்கான்னு கேட்டா. எடம் இல்லன்னுட்டாங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆமா."

"அழகியமண்டபம்! மழை விடல்ல. எடம் இருக்கா? இல்ல."

"ஆமா!" இப்போது பத்துப் பேர்.

"தக்கலை! வில்லுக்குறி! பார்வதிபுரம்!" ஒவ்வொரு ஊருக்கும் வில்லில் ஒரு அடி. ஒவ்வொரு ஊருக்கும் கூட்டமே ஆமா போட்டது. எல்லோரும் அந்த வழியில் அவரிடம் டிக்கெட் வாங்கிப் போனவர்கள்தானே. நான் குடத்தின் நடையை மாற்றினேன். சாமி மாற்றியது என்று சொல்ல மாட்டேன், நான்தான் மாற்றினேன். பழைய நடையில் அடித்தால் அவரைப் பிடிக்க முடியாது.

"கைதவிளை" என்றார் அண்ணாச்சி. அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். "கடைசி ஊரு. இதுக்குப் பொறவு கடலுதான். கடைசி வீட்டுக் கதவத் தட்டினா. கேக்கக்கூட அவளுக்குச் சத்தம் இல்ல. சும்மா நின்னா."

ஒருவரும் ஆமா போடவில்லை.

அண்ணாச்சி வீசுகோலைக் கீழே வைத்துவிட்டார். கையை நீட்டினார். நிறைந்த வண்டியில், படியில் பிள்ளையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்து முப்பது வருஷம் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னார்:

"எடம் இருக்கு தாயி. பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்காத. உள்ள வா."

ராசமணி போட்ட சத்தத்தில் என் குடம் அதிர்ந்தது. மனுஷன் ஒரு ஆள் உயரத்துக்குக் குதித்தார். மேளக்காரர்கள் ஓடிவந்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். நேற்று எழுந்து போன பெண்களின் பிள்ளைகளுக்கெல்லாம் நெற்றியில் திருநீறு விழுந்தது. ஊர்த்தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே அழுதேன்.

ஆசான் மட்டும் வாய் திறக்கவில்லை. மடியில் சிங்கியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

எல்லாம் அடங்கிப் பந்தி போட்டபோது மணி மூன்று. ஆசான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வந்து எதிரே நின்றார். உட்காரவில்லை. ஊரே அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டிருந்தது. அவர் முகத்தில் அது எதுவும் இல்லை. டிக்கெட் கொடுக்காமல் விட்டுப் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார்.

"ஆசானே."

"சொல்லுங்க."

"ஒங்க பாட்டுல நான் கைய வச்சிட்டேன்."

ஆசான் நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணாச்சி தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வேர்க்கிளம்பிக்கு அடுத்தது அழகியமண்டபம்தான் ஆசானே."

ஆசான் பாயசக் கையை இலையில் வைத்தார். பின்பாட்டுக்காரர்கள் போடுகிற மாதிரியே, வாய் நிறைய இழுத்துச் சொன்னார்:

"ஆமா. பொறவு?"