ஜாடிக்கு ஊதிய நாதஸ்வரம்

கள்ளிமேட்டில் யாரும் சொன்ன சொல்லை மீற மாட்டார்கள். அங்கே நடக்கும் விபத்துகளுக்கெல்லாம் அதுதான் காரணம்.

ஒரு வெள்ளிக்கிழமை, அன்னக்கொடியின் மகள் பூங்காவனத்துக்குக் கல்யாணம். தாலி கட்டியாயிற்று. அடுத்து, தண்ணீருக்குள் போட்ட மோதிரத்தைப் பெண்ணும் மாப்பிள்ளையும் தேடி எடுக்கும் விளையாட்டு. குடத்துக்குள் கிடந்தால் மகளுக்கு மோதிரம் தெரியாதே என்று அன்னக்கொடிக்குக் கவலை. நாத்தனார் மங்களத்தின் கண்ணாடி ஊறுகாய் ஜாடியை இரவல் வாங்கி வைத்தாள்.

"யாராச்சும் கையால உடைச்சீங்க, அப்புறம் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் மங்களம் கொடுத்தாள்.

பூங்காவனம் வலது கையை விட்டாள். மாப்பிள்ளை வைரவன் நெருக்கிக்கொண்டு தன் வலது கையையும் விட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்தேதான் எடுக்கணும்" என்றார் பெண்ணின் தாய்மாமன் சடையாண்டி. சேர்ந்தே இழுத்தார்கள். கைகள் வெளியே வரவில்லை.

அன்னக்கொடி மணியைப் பார்த்தாள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வண்டி ஏற வேண்டும். "ஜாடிக்குள்ள கையை வச்சுக்கிட்டு என் மக எப்படிச் சோறு பொங்குவா?"

"கல்லால உடைச்சிருவோமா?" என்றார் வைரவன்.

"கல்லை எதால பிடிப்பீங்க மாப்பிள்ளை? கையாலதானே?" என்றார் சடையாண்டி. கூட்டம் அவருடைய அறிவை மெச்சியது.

மாப்பிள்ளை வீட்டாரோடு வந்திருந்த அறிவியல் வாத்தியார் பந்தியிலிருந்து குரல் கொடுத்தார். "கையே வேணாம். ஜாடியைத் தட்டிப் பாருங்க. என்ன சுருதியில ஒலிக்குதோ, அதே சுருதியை அதுக்குக் கிட்டத்துல ஓங்கி ஊதுங்க. அதிர்ந்து அதிர்ந்து தானே உடையும்." சொல்லிவிட்டு ரசத்துக்குத் திரும்பினார்.

நாதஸ்வரம் நல்லபெருமாள் கரண்டியால் தட்டிக் காது கொடுத்தார். பிறகு கன்னம் உப்ப ஊதினார். பந்தல் வாழைமரம் சாய்ந்தது. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஜாடி அசையவில்லை.

அன்னக்கொடி ஓடிப்போய்க் கம்பளி கொண்டுவந்து ஜாடியைச் சுற்றினாள். "உடைஞ்சா சில்லு புள்ளை கையில குத்துமே!"

"போர்த்திவிட்டா தூங்கிடாதாம்மா? அப்புறம் நான் ஊதுறது எப்படிக் கேட்கும்?" என்று நல்லபெருமாள் கம்பளியை உருவி எறிந்தார்.

"வாத்தியார் கிட்டத்துலன்னாரு. நீ ஒரு முழம் தள்ளி நிக்கிறியே!" என்றார் சடையாண்டி.

"ஜாடி வாயிலயே வச்சு ஊதுவேன். ரெண்டு கை வழியை அடைச்சுக்கிட்டு நிக்குதே!"

"கையை எடுங்கப்பா! வித்துவான் காத்திருக்கிறது தெரியல?" என்று அதட்டினார் சடையாண்டி.

"சேர்ந்தே எடுக்கணுமா மாமா?" என்றாள் பூங்காவனம்.

"அது மோதிரத்துக்கு. வழி விடுறதுன்னா ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான்."

பூங்காவனம் மரியாதையாகக் கையை உருவிக்கொண்டாள். அப்புறம் மாப்பிள்ளையும் உருவிக்கொண்டார். நல்லபெருமாள் ஜாடியின் வாயோடு நாதஸ்வரத்தின் வாயைச் சேர்த்து ஊதினார். மூன்றாவது மூச்சில் ஜாடி சுக்குநூறானது.

"கை தப்பிச்சுதுடா சாமி!" என்று ஊரே ஆர்ப்பரித்தது. தவில்காரர் கெட்டிமேளம் கொட்டினார். மங்களம்கூட, "யார் கையும் படலை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்னக்கொடி ஓடிவந்து மகளின் வலது கையைப் பிடித்து விரல்களை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முகம் வெளுத்தது.

"ஐயையோ, அஞ்சுதான் இருக்கு! ஜாடிக்குள்ள பத்து விரல் இருந்ததை என் கண்ணால பார்த்தேனே!"

மேளம் நின்றது. மணி பத்து இருபது. மிச்ச விரல்களை விட்டுவிட்டுப் பெண்ணை எப்படி அனுப்புவது? எல்லோரும் குனிந்து கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே தேடினார்கள். மாப்பிள்ளைதான் முதல் ஆளாக மண்டியிட்டு, வலது கையால் சில்லுகளை விலக்கி விலக்கித் தேடினார்.