குட்டிச் சூரியனுக்கு எந்தத் தீனி?

முன்னொரு காலத்தில், மஞ்சுகிரி என்ற நாட்டில் ஒரு வருஷம் முழுக்க வெயிலே வரவில்லை. பயிர் அழுகியது. குளிரில் குழந்தைகள் செத்தார்கள்.

அந்நாட்டு மலைக்குகையில் ஒரு பூதம், அணைந்துபோன குட்டிச் சூரியனை உலையில் வைத்துக் காத்துவந்தது. அதை மறுபடி ஏற்ற, ராஜா அங்கே தையல்நாயகியை அழைத்துப் போனார். அவள் நகை செய்கிறவள். நெருப்பின் குணம் தெரிந்தவள்.

"மூன்று ஜாடியில் தீனி இருக்கிறது. ஒன்றைத்தான் எடுக்கலாம், மாற்ற முடியாது" என்றது பூதம்.

"ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் உலையில் போட்டுக் காட்டு" என்றாள் தையல்நாயகி.

முதல் ஜாடியில் கனத்த நீராவி. ஊதியதுமே பற்றியது. ராஜா கைதட்டினார். அவளோ உலையின் இரும்புக் கதவைத் தட்டிப் பார்த்தாள். நெருப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அம்புகள் பாய்ந்ததில், அது பொரியாய் உதிர்ந்தது.

"பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு என்ன ஆகும்?"

"கதவுக்கு ஆனதுதான்" என்று பூதம் அந்த ஜாடியை மூடியது.

இரண்டாவதில் நிலாவின் மண்ணிலிருந்து எடுத்த காற்று, துணைக்குக் கொஞ்சம் கனத்த நீராவி. பலமாக ஊதியபின் பற்றியது. அம்பு குறைவு, ஆனாலும் இருந்தது.

"ஜாடி காலியானால்?"

"நிலாவுக்குத்தான் போகணும்."

மூன்றாவதில் கருத்த பொடி. "நகை பற்றவைக்கிற வெங்கார உப்பின் சத்து. சாதாரணத் தண்ணீரின் ஆவியோடு சேர்த்தால் போதும். அம்பு அநேகமாக இல்லை" என்றது பூதம். ஊதி ஊதிப் பார்த்தது. பற்றவே இல்லை. "முதலாவதைவிடப் பத்து மடங்கு சூடு வேண்டும். ஏறுகிற சூடும் வெளிச்சமாக ஓடிவிடும்."

"முதல் ஜாடியை எடு, அம்மா. ஜனங்கள் சாகிறார்கள்" என்றார் ராஜா. அவர் சொன்னதும் பொய்யில்லை. அவள் கருத்த பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"வெங்காரம் நான் தினமும் தொடுகிற பொருள், மகாராஜா. வறண்ட ஏரியில் அள்ளலாம். ஊருக்குக் குளிர்காய உலைக்காரனைப் பலி கொடுக்க என்னால் முடியாது" என்று மூன்றாவதை எடுத்தாள்.

ஊரே துருத்தியோடு வந்தது. முதல் நாள் ஊதினார்கள், பற்றவில்லை. பத்தாம் நாள் ஊதினார்கள், பற்றவில்லை. சிலர் அவளைத் திட்டினார்கள். அவள் வெளிச்சம் தப்பாதபடி உலையைச் சுற்றி மெருகேற்றிய வெள்ளித் தகடு பதித்தாள். நாற்பதாம் நாள் ஊதினார்கள். குட்டிச் சூரியன் கண் திறந்தது!

பூதத்தின் உடம்பு உருகி, ஒரு மெலிந்த மனிதர் நின்றார்.

"நானும் ராஜாவாக இருந்தவன்தான். அவசரத்தில் முதல் ஜாடியை எடுத்தேன். என் உலைக்காரர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. யாராவது மூன்றாவதை எடுத்துப் பற்றவைக்கும்வரை இந்தச் சாபம்" என்று அழுதார்.

தையல்நாயகி அந்த நாட்டின் உலைத்தலைவி ஆனாள். அன்று மத்தியானம் தாய்மார்கள் கைக்குழந்தைகளை உலைச் சுவரோரம் கிடத்தினார்கள். அந்த மனிதர் பயந்து ஓடிவந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். வெறும் கதகதப்புதான். பிறகு அவரும் அங்கேயே படுத்துத் தூங்கிப்போனார்.